அஸ்தியும் கைக்குழந்தையும்

ராமேஸ்வரத்தைத் தேடி வந்த பெரிய படங்கள் அதிகமில்லை. வந்தவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒன்று, 2013 ஆகஸ்டில் வெளியான 'சென்னை எக்ஸ்பிரஸ்'. ரோஹித் ஷெட்டி இயக்கிய, காதல் நகைச்சுவை என்று சொல்லிக்கொண்டே வந்த இந்திப் படம். மற்றது, 2002 பிப்ரவரி 14 அன்று வெளியான மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அதை யாரும் காதல் நகைச்சுவை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அது ஒரு கல்யாண வீட்டில் தொடங்குகிறது. அதன் நடுவே, எந்தக் காதல் நகைச்சுவையும் பொறாமைப்படக்கூடிய, கல்யாணத்துக்குப் பெண் கேட்கும் காட்சி ஒன்று இருக்கிறது. இரண்டு படங்களின் முதல் அரை மணி நேரத்திலும் ராமேஸ்வரத்தின் பெயர் அடிபடுகிறது. ஒன்றில் அந்தக் கரைக்கு அஸ்தி போய்ச் சேர வேண்டும். மற்றதில் அந்தக் கரையிலிருந்து ஒரு கைக்குழந்தை கிளம்புகிறது.

காதல் நகைச்சுவையின் தொடக்கம் எளிதான வேலையென்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோகக் கதைக்குப் பார்வையாளர் தானாகவே தலை சாய்ப்பார். சிரிக்க வேண்டிய கதைக்கோ, முதல் சில நிமிடங்களுக்குள் அவருக்கு ஓர் உறுதி கிடைத்தாக வேண்டும்: இங்கே யாருக்கும் பெரிய கேடு வராது, வந்தாலும் விலகிவிடும். அந்த உறுதியை வசனத்தில் சொல்ல முடியாது. குரல், வெட்டு, சட்டகம், இசை ஆகியவைதான் சொல்லும்.

'சென்னை எக்ஸ்பிரஸ்' அந்த உறுதியை ஒரு சாவை வைத்துத் தருகிறது. எட்டு வயதில் கார் விபத்தில் பெற்றோரை இழந்தவன், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவன், நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன் என்று ராகுல் தன் கதையைத் தானே சொல்கிறான். ஷாருக்கானின் அந்தக் குரல்தான் முதல் உத்தி. ஒருவன் தன் அநாதைக் கதையைச் சோர்வில்லாத குரலில் சொன்னால், கேட்பவருக்கு அழத் தோன்றாது. படம் நாற்பது வருடத்தைச் சில நிமிடங்களுக்குள் சுருட்டிவிடுகிறது. மிட்டாய்க் கடை, கண்டிப்பான தாத்தா, கடைக்கு வரும் பெண்கள் என்று துண்டு துண்டாக வந்து போகும் காட்சிகள் எதிலும் நாம் தங்குவதில்லை. பிறகு தாத்தாவின் நூறாவது பிறந்தநாள் நெருங்குகிறது. தொலைக்காட்சியில் சச்சின் சதத்தை நெருங்குகிறார். வீட்டிலும் ஒரு சதம், திரையிலும் ஒரு சதம். சச்சின் 99-இல் ஆட்டமிழக்கிறார். தாத்தாவும் போய்விடுகிறார்.

இந்த இடத்தில் பாராட்ட வேண்டியது படத்தொகுப்பை. இரண்டு எண்களைப் பின்னிப் பின்னிக் காட்டியதால், சாவு வரும்போது அது துக்கமாக விழாமல் எண்ணிக்கை தவறியதாக விழுகிறது. இந்தியாவில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எவருக்கும் 99 என்ற எண் ஏற்கெனவே ஒரு வலி. அந்தப் பழகிய வலியைக் கொண்டு புதிய வலியை மூடிவிடுகிறார்கள். மலிவான உத்தி என்று சிலர் சொல்லலாம். வேலை நடக்கிறது என்பதை மறுக்க முடியாது.

அடுத்து வருவதுதான் நம் ராமேஸ்வரத்துக்கான வேலை. அஸ்தியில் பாதியைக் கங்கையிலும் மறுபாதியை ராமேஸ்வரத்திலும் கரைக்க வேண்டும் என்பது தாத்தாவின் கடைசி ஆசை. ஏன் ராமேஸ்வரம் என்று படம் விளக்குவதில்லை. விளக்கவும் தேவையில்லை. ராமேஸ்வரத்துக் கடல் மணலை எடுத்துப் போய்க் கங்கையில் சேர்ப்பதும், கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதும் வட இந்தியக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த யாத்திரை. அக்னி தீர்த்தத்தில் எந்த நாள் காலையில் நின்று பார்த்தாலும், இந்தியும் மராத்தியும் குஜராத்தியும் பேசிக்கொண்டு முன்னோருக்குத் திதி கொடுப்பவர்களைக் காணலாம். அதனால் ஒரு பெயரைச் சொன்ன மாத்திரத்தில் முழுத் தேசமும் மனத்துக்குள் வரைபடமாக விரிகிறது. கதையை எழுதியவர் கே. சுபாஷ். 'பராசக்தி' எடுத்த கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் கிருஷ்ணனின் மகன், தமிழில் படங்கள் இயக்கியவர். ராமேஸ்வரத்தின் இந்த எடை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் ராகுலுக்கு அந்த எடை இல்லை. நண்பர்களோடு கோவா போகத் திட்டம் போட்டிருக்கிறான். அஸ்தியை அங்கேயே கரைத்துவிடலாம் என்று நினைக்கிறான். பாட்டி வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்துவிடுவதால், பெயருக்குச் சென்னை எக்ஸ்பிரஸில் ஏறிக் கல்யாண் நிலையத்தில் இறங்கிவிடுவதாகத் திட்டம். இறங்கியவன் அஸ்திக் கலசத்தை மறந்துவிட்டு மீண்டும் ரயிலுக்குள் ஓடுகிறான். அப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற கதவுக் காட்சி வருகிறது.

இந்தக் காட்சியை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ரயில் நகரத் தொடங்கிவிட்டது. நடைமேடையில் ஒரு பெண் ஓடி வருகிறாள். கதவில் நிற்பவன் கை நீட்டுகிறான். 1995-இல் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தின் இசை ஒலிக்கிறது. அதே நடிகர், அதே மாதிரி கை, அதே மாதிரி கதவு. பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய படத்தின் உச்சக்கட்டம் இந்தப் படத்துக்குத் தொடக்கமாகிறது. அங்கே கதை முடிந்த இடத்தில் இங்கே கதை பிறக்கிறது. பார்வையாளர் அந்தப் பழைய காதலின் முழுக் கனத்தையும் தன் நினைவிலிருந்து எடுத்து, பெயர்கூடத் தெரியாத இந்த இருவருக்கும் கடன் கொடுக்கிறார். காதல் முளைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் இவர்கள்தான் ஜோடி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவள் ஏறிவிட்டாள். அங்கேயே முடிந்திருந்தால் அது வெறும் நகல். பின்னாலேயே ஓர் ஆள் ஓடி வருகிறான். அவனுக்கும் கை நீட்டுகிறான் ராகுல். பிறகு இன்னொருவன், இன்னொருவன், இன்னொருவன். ஆக நான்கு ஆண்கள். ஒரே அசைவு ஐந்து முறை நடக்கிறது. முதல் முறை காதலாக இருந்தது ஐந்தாம் முறை கூலி வேலை ஆகிவிடுகிறது. சட்டகத்தின் ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக உள்ளே நுழைவதுதான் சிரிப்பின் விசை. அடுத்தது யார் என்பதைச் சட்டகம் நமக்கு முன்கூட்டிக் காட்டுவதில்லை. அவன் இறங்கத் திரும்பும்போது ரயில் நிலையத்தைத் தாண்டிவிட்டது. தன் கையாலேயே ஏற்றிக்கொண்ட வினை. நாயகி மீனாவைக் கட்டாயக் கல்யாணத்துக்குப் பிடித்துக்கொண்டு போக வந்த அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான் அந்த நால்வரும்.

இனி இரண்டு வகைப் பார்வையாளர்கள் பிரிகிறார்கள். அந்த நால்வர் பேசுவது தமிழ். இந்தியில் வெளியான படத்தில் அந்தத் தமிழ் பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாமலே ஓடுகிறது. மும்பையில் பார்ப்பவருக்கு அது புரியாத உறுமல். மீனா என்ன சொல்கிறாளோ அதுதான் அர்த்தம். ராகுலோடு சேர்ந்து அவரும் இருட்டில் இருக்கிறார். ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. அவர் ராகுலைவிட ஓரடி முன்னால் நிற்கிறார். ஒரே காட்சியில் வடக்கே ஒரு சிரிப்பு, தெற்கே வேறொரு சிரிப்பு. மீனா தன் ஆபத்தை இந்திப் பாட்டு மெட்டில் சொற்களை மாற்றிப் பாடியே சொல்வதும் இந்த இடைவெளியை வைத்துச் செய்த விளையாட்டுத்தான். பாட்டு அவர்களுக்குப் புரியாது, இவனுக்குப் புரியும். மீனாவாக நடித்த தீபிகா படுகோனின் தமிழ் உச்சரிப்பைப் பற்றி இங்கே நிறையக் கோபப்பட்டோம். கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் இந்த அமைப்பின் நுட்பத்தைப் பேசாமல் விட்டோம். யாருக்கு எது முன்னமே தெரியும் என்பதைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் நகைச்சுவைத் தொடக்கத்தின் உயிர். இந்தப் படம் அதை மொழியை வைத்தே செய்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு ரயில் எங்கே போகிறது? மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் தடம் புனே, சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாக வரும். படத்தின் ரயிலோ தூத்சாகர் அருவிமேல் நிற்கிறது. அது கோவா பக்கத்து மலைத் தடம். அருவி அழகாக இருக்கிறது என்பதற்காக வரைபடத்தையே வளைத்துவிட்டார்கள். நாயகியின் தமிழ்க் கிராமக் காட்சிகளில் பலவற்றை மகாராஷ்டிரத்தின் வாய் பகுதியில் எடுத்தார்கள். ராமேஸ்வரம் கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. மீனா வற்புறுத்தியதால் ராகுல் அங்கே போய் அஸ்தியைக் கரைக்கிறான். அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பொறுப்பு வருகிறது, அவளை அவள் அப்பாவிடமே திரும்ப அழைத்துப் போகும் துணிவு வருகிறது. கதைக்கு அது திருப்பம். ஆனால் கரைக்கு அங்கே முகம் இல்லை. தொடக்கத்தில் ஒரு பெயராக இருந்தது, முடிவில் ஒரு சடங்காக ஆகிறது. அங்கே யார் வாழ்கிறார்கள் என்ற கேள்வியைக் கேமரா கேட்கவே இல்லை.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வேறு திசையிலிருந்து வருகிறது. இலங்கையின் மாங்குளம். ஷியாமாவுக்கும் திலீபனுக்கும் கல்யாணம். நந்திதா தாஸும் ஜே.டி. சக்கரவர்த்தியும் நடித்த இந்தப் பகுதியைத் தனியாக வெட்டி எடுத்து, படம் எதுவென்று தெரியாத ஒருவருக்குக் காட்டினால், இனிய காதல் கதை ஒன்று தொடங்குகிறது என்றே சொல்வார். கூச்சம், பசுமை, புதுத் தம்பதிக்குள் குறும்புப் பேச்சு எல்லாம் இருக்கின்றன. ரவி கே. சந்திரனின் ஒளிப்பதிவு அவசரப்படவில்லை. காதல் கதைக்குப் பார்வையாளர் எதிர்பார்க்கும் உறுதியை இந்தப் படமும் தருகிறது. தந்துவிட்டு அதைப் பிடுங்குகிறது. ராணுவம் வருகிறது. திலீபன் காட்டுக்குள் மறைகிறான்.

ரோஹித் ஷெட்டியின் படத்தில் சாவு வந்து சிரிப்பாகிறது. இங்கே சிரிப்பின் நடுவில் பிரிவு வந்து நிற்கிறது. அங்கே வெட்டுகள் பெருகித் துக்கத்தை மறைத்தன. இங்கே படத்தொகுப்பாளர் ஸ்ரீகர் பிரசாத் காதலுக்குக் கொடுத்த நிதானம்தான் இழப்பைக் கூட்டுகிறது. அந்த இருவரோடு நாம் சற்றுத் தங்கியிருந்தோம், அதனால் வலிக்கிறது. அவருக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. படத்தொகுப்பு என்றால் வேகம் என்று நம்புபவர்கள் இந்த முதல் பகுதியைப் பார்க்க வேண்டும்.

கருவுற்ற ஷியாமா படகேறி ராமேஸ்வரம் வருகிறாள். 1983-இல் இலங்கையில் போர் தொடங்கிய பிறகு இந்தக் கரை கண்ட காட்சி அது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது கப்பல் போய்வந்த வழி. போர் தொடங்கியதும் அது இரவில் படகில் தப்பிவரும் வழியாயிற்று. அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்களை மீட்டு மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோவது இங்கே தொடர்ந்து நடந்தது. இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022 மார்ச்சில் மறுபடியும் அது நடந்தது. ஆகவே அந்தப் படகுக் காட்சி எங்கே எடுக்கப்பட்டிருந்தாலும், இந்தக் கரைக்காரர்களுக்கு அது கற்பனை இல்லை. இலங்கைக் காட்சிகளைப் புதுச்சேரியிலும் கேரளத்திலும் எடுத்தார்கள் என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். இடம் கடன் வாங்கியதுதான். உண்மை கடன் வாங்கியதல்ல.

குழந்தை பிறக்கிறது. கணவன் உயிரோடிருப்பதாகத் தெரிந்ததும், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஷியாமா திரும்பிப் போகிறாள். இங்கே படம் மூச்சு வாங்கிவிட்டு இரண்டாவது முறையாகத் தொடங்குகிறது. இந்த இரண்டாம் தொடக்கத்தைத்தான் நான் 'சென்னை எக்ஸ்பிரஸ்' தொடக்கத்தோடு நேருக்கு நேர் வைக்க விரும்புகிறேன். இங்கேயும் ஒரு குரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அமுதா என்ற சிறுமி. அப்பா திருச்செல்வன், அம்மா இந்திரா, தம்பிகள், வீட்டுக் கலாட்டா என்று துள்ளலாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். பி.எஸ். கீர்த்தனாவின் குரலில் ஒரு சொட்டுக் கவலை இல்லை. ராகுலின் குரலைப் போலவே இதுவும் பெற்றோரை இழந்த பிள்ளையின் உற்சாகக் குரல். ஒரே வேறுபாடு: ராகுலுக்குத் தன் கதை தெரியும். அமுதாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

இரண்டு படங்களும் ஒரே ஆயுதத்தைத்தான் எடுத்திருக்கின்றன. பாத்திரத்துக்குத் தெரியாததைப் பார்வையாளருக்குக் கொடுத்துவிடுவது. ரயிலில் தமிழ் புரிந்தவர் ராகுலின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கிறார். இங்கே மாங்குளத்தையும் படகையும் பார்த்துவிட்டு வந்தவர், அமுதா சொல்லும் ஒவ்வொரு வேடிக்கைக்கும் சிரிக்கிறார், சிரித்த வாயோடு கலங்குகிறார். ராகுலின் அறியாமை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் கலகலப்பும் ஓட்டமும் தொடங்கும். அமுதாவின் அறியாமை அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாள்வரை காக்கப்படுகிறது. அது உடையும்போது படமே திசை மாறுகிறது. உத்தி ஒன்று. அதைத் தாங்கிப் பிடிக்கும் பொறுமைதான் வேறு. இந்த இடத்தில் மணிரத்னத்தின் தொடக்கமே வலுவானது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. சிரிப்பு எதற்காக என்பதை அது அறிந்திருக்கிறது.

அதற்காக அந்தப் படத்தின் காதலைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். திருச்செல்வன் பொறியாளர், எழுத்தாளர். முகாமில் விடப்பட்ட குழந்தையைப் பற்றிக் கதை எழுதுகிறான். பிறகு அந்தக் குழந்தையையே தத்தெடுக்க விரும்புகிறான். கல்யாணமாகாதவனுக்குக் குழந்தையைக் கொடுக்க முடியாது என்கிறார்கள். ஆகவே இந்திராவிடம் போய்க் கல்யாணம் கேட்கிறான். மாதவனும் சிம்ரனும் அதைச் செய்யும் இலகுவைப் பாருங்கள். குழந்தை வேண்டும் என்பதற்காகப் பெண் கேட்டு வருபவன் ஒரு நல்ல காதல் நகைச்சுவையின் கரு. அந்தக் கருவை அவனுக்குக் கொடுத்தது ராமேஸ்வரம். வசனம் சுஜாதா. தழுதழுப்பு வரும் இடங்களில் கேலி வந்து கைகொடுப்பது அவருடைய எழுத்துக்கே உரிய பழக்கம்.

இரண்டையும் வைத்துப் பார்த்தபின் ஒன்று என்னை உறுத்துகிறது. கதவுக் காட்சியின் கைத்திறனை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அமுதாவின் அறிமுகத்தை அதற்கும் மேலாக வைக்கிறேன். ஆனால் இரண்டிலும் ராமேஸ்வரம் வெளியூர்க்காரர்களின் துக்கம் வந்து இறங்கும் துறைதான். 2007-இல் ஜீவாவும் பாவனாவும் நடித்து 'ராமேஸ்வரம்' என்ற பெயரிலேயே ஒரு காதல் படம் வந்தது. அதிலும் நாயகன் அகதி. தமிழ்க் காதல் நகைச்சுவைக்குக் கடல் என்றால் சென்னைக் கடல். 1964-இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' மெரினாவில் காதலர்களைப் பாடவிட்டது. 2000-இல் 'அலைபாயுதே' நாயகனைக் கடலோரச் சாலையில் மோட்டார் சைக்கிளில் விரட்டியது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஓலைக்குடாவிலும் பிறந்து வளர்ந்த ஒருத்தியும் ஒருத்தனும் சந்தித்துச் சண்டை போட்டுச் சிரித்துக் கல்யாணம் செய்துகொள்ளும் படத்தை எந்தப் பெரிய இயக்குநரும் இன்னும் எடுக்கவில்லை.

எடுப்பதற்கு என்ன குறை? தொடக்கக் காட்சிக்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கின்றன. தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல். ஒன்று அடங்கிக் கிடக்கும்போது மற்றது பொங்கும், காற்று மாறினால் இரண்டின் குணமும் மாறிப்போகும். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு சுபாவங்களை வைத்துக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? 1914-இல் பழைய ரயில் பாலம் திறக்கப்பட்ட பாம்பனில், 1988-இல் திறந்த சாலைப் பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்கு ரயில் பாலமும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கப்பலுக்காகப் பாலம் உயரும்போது ரயில் காத்திருக்கிறது, சாலைப் பாலத்தில் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு ஊரே எட்டிப் பார்க்கிறது. இருவர் சந்திப்பதற்கும், ஒருவரை ஒருவர் தவறவிடுவதற்கும் இப்படி ஓர் இடம் வேறெங்கும் கிடைக்காது. தீவுக்குள் பேசும் தமிழின் ஏற்ற இறக்கமும், வலை உலர்த்தும் பெண்களின் கேலியும், விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் நடக்கும் வாய்ச்சண்டையும் எந்த வசனகர்த்தாவுக்கும் விருந்து. நண்பகல் வெளிச்சம் கொடூரமாக வெளுத்துவிடும் என்பது உண்மைதான். விடியலிலும் மாலையிலும் எடுங்கள்.

குறும்படம் எடுக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முதல் காட்சியைக் கோயில் கோபுரத்திலும் அஸ்திக் கலசத்திலும் தொடங்காதீர்கள். ஜெட்டியில் மீன் ஏலம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில், உங்கள் அக்காவும் மாமாவும் முதலில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.